பூஜ்யத்துக்கு மார்கரெட் எழுதிய விளக்கம்

மார்கரெட்டுக்குக் கோபம் வந்தால் அச்சரப்பாக்கத்தில் பால் திரியும் என்று அவளுடைய அம்மா மேரியே சொல்வாள். அது கொஞ்சம் கூடுதல். திரிந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் சித்திரை வெயிலில். ஆனால் மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில் பழைய விடுதிக் கட்டடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து நடந்துவந்த மென்பொருள் கம்பெனியில், அவள் முறைத்த முறைப்பில் பிரிண்டர் பாதி வெளியே தள்ளிய காகிதத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டது உண்மை. பார்த்தவர்கள் மூன்று பேர். ஒருவர் வெளிநாடு போய்விட்டார், ஒருவருக்கு இப்போது கண் சரியில்லை. மூன்றாமவரைத் தாராளமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

அப்பா சின்னையன் சிறுவயதில் ஊரார் நிலத்தில் ஏர் ஓட்டினார், பிறகு அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அந்த வீட்டுக்குச் சொந்தமான நிலம் என்றால் மேரி கறிவேப்பிலை வைத்திருந்த தொட்டிக்குள் இருந்த மண்தான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து மகள் கணக்கு படிக்கப் போனாள் என்றால் சும்மா போகவில்லை, சண்டை போட்டுக்கொண்டே போனாள்.

பத்தாம் வகுப்பு அரையாண்டின்போது அவளுக்கு அம்மை போட்டிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு பள்ளிக்கூடம் போய்ப் பார்த்தால், மதிப்பெண் அட்டையில் கணக்கு வாத்தியார் வட்டமாக ஒரு பூஜ்யம் போட்டு வைத்திருந்தார்.

"சார், நான் பரீட்சைக்கே வரல."

"தெரியும்."

"வராதவளுக்கு எப்படி சார் முட்ட?"

"காலியா வுட்டா கூட்டல் எப்படிப் போடுறது? போய் உக்காரு."

அவள் உட்காரவில்லை. அன்று முழுக்க நின்றாள். மறுநாளும் நின்றாள். அவள் நின்ற இடத்தில் சிமென்டுத் தரையே அரை விரல் பள்ளம் விழுந்தது என்று ஊரில் சொல்வதை நம்ப வேண்டாம். கால் விரல் ஆழம்தான் இருக்கும். கடைசியில் தலைமையாசிரியர் வந்து பூஜ்யத்தை அடித்து 'வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெஞ்சுக்குப் போனாள்.

செங்கல்பட்டில் கல்லூரி, அப்புறம் ஒரு தனியார் பள்ளியில் சில வருஷம் கணக்கு டீச்சர், அங்கே நிர்வாகத்தோடு சண்டை, அதன் பிறகு கம்ப்யூட்டர் படிப்பு. இரண்டாயிரத்து ஐந்தில் இந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். செங்கல்பட்டில் ஒரு மாடி அறை. காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அவள் ஏறினால் ஆட்டோக்காரர் பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

கம்பெனி செய்த சரக்கின் பெயர் 'நாடி'. பெயரைக் கேட்டுவிட்டு ஒருவர் கட்டைவிரல் ரேகையோடு வந்து ஜாதகம் கேட்டார். இது அந்த நாடி இல்லை. மற்றவர்கள் எழுதும் மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் ஒரு லைப்ரரி, அதாவது தயாராக எழுதி வைத்த நிரல்களின் மூட்டை. உங்கள் மென்பொருள் ஏன் ஆமையாக நகர்கிறது, எந்த இடத்தில் திணறுகிறது என்று அது உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஒரு வரி எழுதி வைக்கும். அந்த வரிக்குள் பல கட்டங்கள்: வேலையின் பெயர், எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் எடுத்தது, எந்தக் கணினியில் நடந்தது. இப்படி. இந்தக் கட்டங்களில் வருவதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுப்பதுதான் மார்கரெட்டின் உத்தியோகம்.

சேர்ந்த அன்று, ஏற்கெனவே இருந்த விளக்கங்களைப் படித்தாள். 'வேலையின் பெயர்' என்ற கட்டத்துக்கு எதிரே 'வேலையின் பெயர்' என்று எழுதியிருந்தது. 'எடுத்த நேரம்' என்ற கட்டத்துக்கு எதிரே 'வேலை எடுத்த நேரம்'.

"வெண்டக்காய்ன்னா இன்னான்னு கேட்டா வெண்டக்காய்ன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு, அவனுக்கு ஏசி வேற" என்று உரக்கவே சொன்னாள்.

அந்த ஆள் பரணிதரன், அடுத்த மேசையில்தான் இருந்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், நாடியின் பெரும்பகுதியை எழுதியவன், கெட்டிக்காரன். அவளைவிட ஐந்தாறு வயது சின்னவன். அன்று முதல் அவன் பாடு திண்டாட்டம். ஒவ்வொரு கட்டமாக அவனை நிற்க வைத்துக் கேட்டாள். நேரம் எந்த அளவில்? ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்த அளவிலா, அதையும் பிரித்ததா? வரிசையில் காத்திருந்த நேரம் இதில் சேருமா? அவன் டீ குடிக்கப் போனால் டீக்கடைக்கே வந்து கேட்டாள்.

"சரி, வேல ஆரம்பிச்சுது, ஆனா முடியல. நடுவுலயே தொங்கினு கீது. அப்போ எடுத்த நேரத்துல இன்னா வரும்?"

"பூஜ்யம் வரும்."

மார்கரெட் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"முடியாத வேலைக்கா?"

"காலியா விட்டா கிராஃப் போடுற ப்ரோக்ராம் விழுந்துடுதுங்க. அதான் பூஜ்யம் போட்டு அனுப்புறோம். சும்மா இடத்த நிரப்ப."

"வாங்குறவன் அதையும் சேத்து சராசரி எடுப்பானே."

"எடுப்பான்."

"அப்போ எவ்வளவுக்கு எவ்வளவு திணறுதோ, அவ்வளவுக்கு அவ்வளவு வேகமா ஓடுற மாதிரி தெரியும்."

பரணி டீயில் ஒரு வாய் குடித்தான். "தெரியும்" என்றான்.

கணக்கு வாத்தியார் அச்சரப்பாக்கத்தில் ஓய்வுபெற்று, தஞ்சாவூரில் மறுபிறவி எடுத்து, கம்ப்யூட்டர் படித்துவிட்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்திருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது. அன்றே எழுதினாள்: 'இங்கே பூஜ்யம் இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். சட்டென்று முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சராசரி பார்க்கும்போது பூஜ்யங்களைத் தள்ளிவிடுங்கள்.'

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம். விளக்கம் எழுதுபவருக்கு நிரலைத் தொட அனுமதி கிடையாது. அவள் எழுதிய வாக்கியங்களைப் பரணி வாங்கி, நிரலில் அந்தந்தக் கட்டத்துக்கு மேலே ஒட்டுவான். அங்கிருந்துதான் கையேடு அச்சாகும். கையேடு அச்சாகி வந்தபோது 'எடுத்த நேரம்' என்பதற்கு எதிரே இருந்தது: 'வேலை எடுத்த நேரம்.'

பிரிண்டர் காகிதத்தை விழுங்கியது அன்றைக்குத்தான்.

முதலாளி திருநாவுக்கரசு திருநெல்வேலிக்காரர். பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து கம்பெனி தொடங்கியவர். குரலை உயர்த்தவே மாட்டார். அது மார்கரெட்டை இன்னும் எரிச்சலாக்கும்.

"நான்தாம்மா எடுக்கச் சொன்னேன். சரக்க விக்கும்போதே இதுல இந்தக் கோளாறு இருக்குன்னு எழுதிக் கொடுப்பாங்களா? அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடலாம்."

அடுத்த வெர்ஷன் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் அதே வாக்கியத்தை எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அது காணாமல் போனது.

இரண்டாயிரத்து ஏழு டிசம்பரில், சுற்றுலாக்காரர்கள் கடற்கரையை நிறைத்திருந்த ஒரு நாள், மார்கரெட் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கம்பெனி வாசலில் ஒரு ஆள் வாட்ச்மேனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். விடுதிச் சிப்பந்திகள் போடும் நீலச் சட்டை, பாக்கெட்டில் 'எல்லப்பன்' என்று பெயர்த் தகடு.

"உள்ள போவாத, உள்ள போவாதன்னா இன்னா அர்த்தம்? உள்ள கீறவன் என்ன பொய்யன்னு எழுதி அனுப்புறான். நான் வெளியவே நின்னுகினு இருக்கணுமா?"

"யாருண்ணே உங்கள பொய்யன்னு சொன்னது?" என்று மார்கரெட் கேட்டாள்.

எல்லப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குவதைப் பார்த்ததும் குரல் இன்னும் ஏறியது.

"நீயும் இவங்க ஆளா? நல்லதாப் போச்சு மேடம். இத பாரு." மடித்து வைத்திருந்த காகிதத்தை விரித்தார். "இந்தக் கோடு சொல்லுதாம். எங்க நைனா கூட என்ன பொய்யன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. ஒரு கோடு சொல்லுது."

விஷயம் இதுதான். அவர் திருவிடந்தைக்காரர். சாலையோரம் வரிசையாக விடுதிகள் வைத்திருந்த ஒரு நிறுவனத்தில் வரவேற்பு மேசையில் அறை பதிந்து கொடுக்கும் வேலை. சீசன் ஆரம்பித்ததிலிருந்து மாலை நேரத்தில் கம்ப்யூட்டர் உறைந்துபோய் நின்றது. வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு நின்று கத்தினார்கள். ஒரே அறை இரண்டு குடும்பத்துக்குப் பதிவாகி, ஒரு புது மாப்பிள்ளை பொண்டாட்டியை வாசலில் நிற்க வைத்துவிட்டு எல்லப்பனின் சட்டையைப் பிடித்துவிட்டான். கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று எல்லப்பன் மேலிடத்துக்குச் சொன்னார். மேலிடம், அறை பதியும் மென்பொருளுக்குள் செருகியிருந்த நாடி போட்ட கிராஃபைப் பார்த்தது. அந்த மாலைகளில் எடுத்த நேரம் ஏறவே இல்லை, சரசரவென்று இறங்கியிருந்தது. கம்ப்யூட்டர் மற்ற வேளைகளைவிட வேகமாக ஓடியிருக்கிறது, ஆகவே நீர் கவனக்குறைவை மறைக்கப் பொய் சொன்னீர், உம்மை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை வந்து பதில் சொல்லும் என்று கடிதம் வந்திருந்தது.

"கம்பூட்டர் நின்னுபோச்சுன்னா நின்னுபோச்சும்மா. நான் இன்னா அத்த புடிச்சு நிறுத்தி வெச்சேனா? இருபது வருஷம் அந்த ஓட்டல்ல பொட்டி தூக்கி, தோட்டம் கூட்டி, இப்பதான் நாற்காலில உக்காந்துகினு கீறேன். அது ஒருத்தனுக்கும் பொறுக்கல."

மார்கரெட் கோட்டைப் பார்த்தாள். மாலை ஆறு மணிக்குமேல் அது தரையோடு தரையாகப் படுத்திருந்தது. வேறு யாருக்கும் அது வேகம். அவளுக்கு அது பூஜ்யம், பூஜ்யம், வரிசையாகப் பூஜ்யம். ஒவ்வொன்றும் முடியாமல் தொங்கிய ஒரு அறைப் பதிவு, மேசைக்கு முன்னால் நின்று கத்திய ஒரு குடும்பம்.

"வாங்கண்ணே" என்றாள். வாட்ச்மேன் வாயைத் திறந்தார். அவள் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

திருநாவுக்கரசின் அறைக்குள் இருவரும் நுழைந்தபோது பரணியும் அங்கே இருந்தான். மார்கரெட் காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"இது இன்னான்னு சொல்லுங்க சார்."

திருநாவுக்கரசு பார்த்தவுடனேயே புரிந்துகொண்டார். அவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. "இவர வெளிய உக்காரச் சொல்லும்மா."

"இவரப் பத்திதான் பேச்சு. இங்கயே இருக்கட்டும்."

"சரி. பரணி, சத்தமில்லாம திருத்தி இவங்களுக்குப் புதுசு ஒண்ணு அனுப்பிரு. ஜனவரில ஒப்பந்தம் புதுப்பிக்கணும், அதுக்கு முன்னால பிரச்சன வேண்டாம்."

"வெள்ளிக்கிழம விசாரண சார்."

"அது அவங்க உள்விவகாரம்."

"வேல போயிடும் சார் அவருக்கு."

"சீசன் நேரம்லா. பக்கத்து ஓட்டல்ல சேந்துக்கிடுவார்." சொல்லிவிட்டு எல்லப்பனைப் பார்த்துக் கனிவாகச் சிரிக்கவும் செய்தார்.

எல்லப்பன் சிரிக்கவில்லை. "பொய் சொல்லி வேல போனவன எவன் சார் சேத்துப்பான்? இந்த ரோட்டுல ஒரு ஓட்டல்ல தும்முனா பத்து ஓட்டல்ல கேக்கும்."

மார்கரெட் அப்போது சொன்னதை முழுக்க எழுத முடியாது. சாரம் மட்டும் சொல்லலாம்: தெரியாமல் தப்புச் செய்தவனுக்கு மன்னிப்புக் கொடுக்கலாம், தெரிந்துகொண்டே மூன்று தடவை வாக்கியத்தை அழித்தவனுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டாள். அவள் பேசி முடித்தபோது கூரைமேல் இருந்த காக்கைகள் கிளம்பிக் கோவளம் வரை போய்த்தான் இறங்கின. திருநாவுக்கரசு மட்டும் அதே குரலில், "வெள்ளிக்கிழம நீ அங்க போனா, திங்கக்கிழம இங்க வர வேண்டாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் போனாள்.

விசாரணை நடத்தியது வைஷாலி என்ற பெண். சென்னைத் தலைமை அலுவலகத்தில் எல்லா விடுதிகளின் கணினி வேலைகளையும் பார்த்துக்கொள்பவள். மடிக்கணினியில் நாடியின் கிராஃப் திறந்திருந்தது. மார்கரெட் யாரென்று தெரிந்ததும் அவளுக்கு ஆச்சரியம்.

"உங்க சாஃப்ட்வேர் தப்புன்னு நீங்களே சொல்ல வந்திருக்கீங்களா?"

"சாஃப்ட்வேர் தப்பு சொல்லல மேடம். நீங்க படிச்சது தப்பு. தப்பாப் படிக்கிற மாதிரி எழுதிக் குடுத்தது நாங்க."

"கிராஃப் தெளிவா இருக்கே. எவ்வளவு கீழ இருக்கோ அவ்வளவு வேகம்."

"அப்போ ஒரு வேல பண்ணலாம். அறைக் கணக்கு வெச்சிருக்கிற கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

சமையலறைக்குப் பின்னால், ஊறுகாய் டப்பாக்களுக்கு நடுவில் இருந்தது. மார்கரெட் அதன் பின்னால் போய் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். வந்து எல்லப்பனிடம் சொன்னாள், "அண்ணே, ஒரு ரூம் போடுங்க."

எல்லப்பன் மேசையில் உட்கார்ந்து ஒரு அறை பதிந்தார். திரை உறைந்தது. இன்னொன்று பதிந்தார். அதுவும் உறைந்தது.

"இது எங்க முடியும்? வயரே இல்ல" என்றாள் வைஷாலி.

"உங்க கிராஃப பாருங்க."

வைஷாலி பார்த்தாள். கோடு வேகமாக இறங்கித் தரையைத் தொட்டிருந்தது.

"ஆகக்கூடி, வயரப் புடுங்கிப் போட்டா உங்க ஓட்டல் இந்தியாவுலயே வேகமான ஓட்டல்" என்றாள் மார்கரெட். எல்லப்பன் வாயைப் பொத்திக்கொண்டார்.

வைஷாலி லேசில் விடவில்லை. "வயரப் புடுங்கினதால இப்படி இருக்கலாம். அந்த நாட்கள்ல இதுதான் நடந்துச்சுன்னு என்ன நிச்சயம்?"

மார்கரெட் செல்போனை எடுத்துப் பரணியைக் கூப்பிட்டாள். "பரணி, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். வைஷாலி மேடம் கேட்டுகினு இருக்காங்க. விசாரண நடக்குது. வேல முடியாம தொங்கினா எடுத்த நேரத்துல இன்னா வரும்?"

அவன் பதில் சொல்லாமலேயே போனை வைத்துவிடலாம். சிக்னல் இல்லை என்று அந்தக் கடற்கரையில் யாரும் யாரிடமும் சொல்லலாம்.

"பூஜ்யம் வரும்" என்றான் பரணி. பிறகு, யாரும் கேட்காமலே, "அதே கிராஃப்ல எத்தன பூஜ்யம்னு தனியா எண்ணிப் பாக்கலாம் மேடம். எப்படின்னு சொல்றேன், எழுதிக்கோங்க" என்றான்.

வைஷாலி எண்ணிப் பார்த்தாள். புது மாப்பிள்ளை எல்லப்பனின் சட்டையைப் பிடித்த மாலையில் வந்த வரிகளில் பாதிக்குமேல் பூஜ்யம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கடிதம் தட்டச்சாகி வந்தது. 'தொழில்நுட்பக் காரணங்களால் தங்கள்மீதான குற்றச்சாட்டு திரும்பப் பெறப்படுகிறது.' எல்லப்பன் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைக்கப் போனார். மார்கரெட் கையை நீட்டி வாங்கினாள். படித்தாள். முகம் சிவந்தது.

"இதுல நீங்க சொன்னது உண்மைன்னு எங்க இருக்கு?"

"வுடும்மா. வேல கீது, அது போதும்."

"பொய்யன்னு எழுதத் தெரிஞ்சவங்களுக்கு இத எழுதத் தெரியாதா?"

"கம்பெனி லெட்டர்ல அப்படியெல்லாம் எழுத மாட்டோம்" என்றாள் வைஷாலி.

வாசலில் ஒரு குடும்பம் பெட்டிகளோடு வந்து நின்றது. எல்லப்பன் சாவிக்கொத்தை எடுத்தார். திரும்ப அதை மேசைமேல் வைத்தார்.

"இவங்க சொல்றது கரெக்ட்டு மேடம். இந்த ரோட்டுல கீற ஓட்டல்காரன்லாம் பேஜாரு புடிச்ச ஆளுங்க. எல்லப்பன் பொய்யன்னு ஒருத்தன் சொன்னா நாளைக்கு எனுக்குக் காட்ட ஒரு காயிதம் வேணும். நான் சொன்னது நெசம்னு எழுது. அப்பால வேல செய்றேன்."

பெட்டிகளோடு வந்தவர்கள் மேசைமீது விரலால் தட்டினார்கள். எல்லப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வைஷாலி மறுபடி உட்கார்ந்தாள். கணினி நின்றுபோனதாக எல்லப்பன் சொன்னது உண்மை, அதை நம்பாதது நிர்வாகத்தின் தவறு என்று இரண்டு வரி அடித்தாள். மார்கரெட் அவள் தோளுக்குப் பின்னால் நின்று 'தவறு' என்ற சொல்லை மென்மையாக்க விடவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். வர வேண்டாம் என்று சொன்னது நினைவில்லாமல் இல்லை. திருநாவுக்கரசு அவளைக் கூப்பிட்டு ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். அந்த விளக்கம் கையேட்டில் ஏறாமல் ஜனவரி ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச முடியாது என்று வைஷாலி எழுதியிருந்தாள்.

"எழுதித் தொல" என்றார். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. அவளுக்கு அதில் ஒரு திருப்தியும் இல்லை. ஒப்பந்தத்துக்காக எழுதச் சொன்னார், உண்மைக்காக இல்லை என்பது இன்னொரு சூடு.

அவள் பரணியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். அவன் நிரலைத் திறந்து, அவள் கொடுத்த விளக்கத்தை ஒவ்வொரு வரியாக அடித்தான். கடைசி வரியில் வந்து விரல் தயங்கியது.

"சராசரில பூஜ்யத்த தள்ளுங்கன்னு வேற சொல்லணுமா? முதல் வரியே போதுமே."

"போதாது."

அவன் கடைசி வரியை அடிக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தி, திரும்பாமலே கேட்டான். "இன்னும் கோவமாத்தான் இருக்கீங்களா?"

"டைப் அடி" என்றாள் மார்கரெட்.